பீலிக்கரையில் நீ சொன்னது

என் பிள்ளையின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் நான் வேலை செய்யும் கடை முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா நேற்று போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உனக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்ததாம். நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீக்கு என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கப் பேசினார்களாம். நீயும் டெட்டோல் ஊற்றிக் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கொண்டாயாம். வேறொருத்தியாக இருந்தால் என்னைச் சந்தேகப்பட்டு அழுதிருப்பாள். நீ பஸ் பிடித்துப் பசறைக்குப் போய் டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கிறாய்.

அதைவிட, திரும்பி வந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாப் பெண்களுக்கும் கேட்கச் சொன்னாயே: "அது பங்கஸ்தான். எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்குமாம். கொழுந்து எடுக்கையில நனைஞ்ச படங்குத் துணிய நாளெல்லாம் இடுப்புல கட்டிக்கிட்டு நின்னா பெருகிருமாம். உள்ள வைக்கிற மாத்திரை குடுத்திருக்காங்க, ஆறிரும். டெட்டோல் ஊத்தாதீங்க. எம் புருசனையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அன்றைக்கே இரண்டு பேர் உன்னிடம் வந்து டாக்டரம்மா இருக்கும் நேரத்தை விசாரித்தார்களாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் அவ்வளவு பெருமை. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியதே அவள்தான் என்று எனக்குத் தெரியாதா!

மாத்திரையைப் பாதியில் விடாதே.

லீவு முடிந்து வந்ததிலிருந்து எனக்கும் அரிப்புத்தான். மருந்துக்கடைக்குப் போவேன், ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இன்று காலை டாக்டரிடம் போனேன். என்ன வருத்தம், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே ஆட்களும் இருந்தார்கள். உன்னை நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

உன் வீட்டுக்காரன்