புத்தாண்டு நாடகத்தில் உன் அப்பா

ஹாஸ்பெக்
டிசம்பர், சனிக்கிழமை மாலை

அன்பு மகள் ஜெம்மாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதுதான் என் முதல் கவலை, மற்றதெல்லாம் பிறகு. இங்கே உடம்பைக் கேட்டால் குறையில்லை. அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு வழக்கமான இருமல், கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊற்ற வைத்திருந்த பிராந்தியில் ஒரு மடக்கு குடித்தேன், கொஞ்சம் தேவலை. மழை விட்டபாடில்லை. குழந்தையைத் தொப்பி போடாமல் வெளியே விடாதே, உலகத்தின் தெற்குக் கோடியில் உங்கள் டனீடன் ஊர் வெயில் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் தோலை உரித்துவிடுமாம். சரி, சுற்றி வளைத்தது போதும். இந்தக் கடிதம் வந்ததாக அப்பாவிடம் மூச்சுவிடாதே. உன் பத்து வயதில் வந்த அந்த வெள்ளத்தைப் பற்றி நான் உன்னிடம் பேசியதில்லை, நீயும் இத்தனை வருஷமாக வாய் திறந்ததில்லை. இனிப் பேசாமல் முடியாது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தொலைக்காட்சிக்காரர்கள் புத்தாண்டுக்கு வரப்போகும் புது நாடகங்களை அறிவித்திருக்கிறார்கள். ஐந்தாறு இருக்கிறது, வழக்கம்போல் இரண்டில் கொலை, ஒன்றில் பழைய காலத்துப் பாவாடையும் குதிரை வண்டியும். மிச்சத்தில் ஒன்று நம்முடையது. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆட்கள் பெயரையும் மாற்றிவிட்டார்கள், ஸ்காட்லாந்தில் எங்கோ படம் பிடித்தார்களாம், நம்மில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் பாலம் இடிகிறது, பேருந்து ஆற்றில் விழுகிறது, உள்ளே ஓட்டுநரும் அவருடைய பத்து வயது மகளும் ஒரே ஒரு பயணியும், மகள் பிழைக்கிறாள், பயணி போய்விடுகிறார், இது வேறு எந்த ஊரில் நடந்தது, நீயே சொல்லு. அறிவிப்பின் கடைசியில் ஒரு கேள்வி வேறு, அவர் யாரைக் காப்பாற்றினார், ஏன் என்று. ஏன் என்று கேட்கிறார்கள் ஜெம்மா! பெற்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

அதற்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை நான் போனில் படித்தேன், படித்திருக்கக் கூடாது. ஒருத்தி, ஐயோ இன்னொரு அழுகாச்சியா, குளிர்காலத்துல சிரிக்க ஒண்ணுமே காட்ட மாட்டீங்களா என்கிறாள். இன்னொருத்தி, ஓட்டுநரா வர்றாரே அந்த நடிகர் நடிச்சா அவர் பாத்திரம் கழுவறதைக்கூட மூணு மணி நேரம் பார்ப்பேன் என்கிறாள். ஒருவன், டீ ரெடி பிஸ்கட் ரெடி, எப்பய்யா போடுறீங்க என்கிறான். இதெல்லாம் போகட்டும், அவர்களுக்கு அது கதை. ஆனால் ஒருவன் எழுதியிருந்தான், பஸ் ஓட்டுறவன் பயணியைத் தண்ணியில விட்டுட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடலாமா, இவனையெல்லாம் உள்ள தள்ளியிருக்கணும் என்று. அதற்கு எத்தனை பேர் சபாஷ் என்று லைக் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? நான் அவனுக்கு நாலு வரி நன்றாகக் கொடுத்து எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். ஊர் உலகத்துக்கு நம் பெயரை நானே காட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும் என்று பயம்.

அப்பா போனில் எதையும் பார்ப்பதில்லை, அது ஒன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பத்திரிகை வந்துவிட்டது, இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வருகிற அந்தத் தடிப் புத்தகம். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்குவதே அது கைக்கு வந்த பிறகுதான், உனக்குத் தெரியாததா. பிரித்தால் நடுவில், ஜனவரியில் வருகிறது என்று அந்த நாடகம் பக்கம் முழுக்கப் படத்தோடு. நான் சமையலறைக் கத்தரியை எடுத்து அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி அடுப்பில் போட்டேன். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை பார், அதுதான் என் புத்தி. பின்பக்கத்தில் கிறிஸ்துமஸ் பெரிய குறுக்கெழுத்து. இன்று காலை டீயும் பேனாவுமாக உட்கார்ந்தவர், நோரீன், என் குறுக்கெழுத்தைக் காணோமே என்றார். நான் யோசிக்காமல், கடைக்கார கீத் கொடுத்ததே அப்படித்தான், அச்சுக்கோளாறா இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எந்த முட்டாளாவது உன் அப்பாவிடம் அப்படிச் சொல்வாளா! காசு குடுத்து வாங்கினது, நல்லதா ஒண்ணு மாத்திக் குடுக்கட்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வேண்டாம் மழை என்றேன், முட்டி என்றேன், காதில் விழவில்லை. வீட்டுச் செருப்போடு பின்னாலேயே ஓடினேன்.

நான் கடைக்குள் நுழையும்போது கீத் கல்லாவுக்குப் பின்னால் வெளிறிப்போய் நிற்கிறான், அப்பா புதுப் பிரதியைப் பிரித்துக் குறுக்கெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். படித்தார். மெதுவாகத்தான் படித்தார். கடையில் நாலைந்து பேர் வேறு. பிறகு அந்த நடிகர் படத்தில் விரலை வைத்து, இந்த ஆளுக்கு இவ்வளவு தலைமுடியா, எனக்கு எப்பவாவது இருந்துச்சா கீத்து என்றார். கீத் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை பாவம். அப்போதுதான் நான் கவனித்தேன், வாழ்த்து அட்டை அலமாரிப் பக்கம் ஐலீன் டைசன் நிற்கிறாள். ஜோ டைசனின் மனைவி, தண்ணீர் கொண்டுபோனதே, அந்த ஜோவின் மனைவி. அவளும் நானும் சர்ச்சில் ஒரே மேசையில் டீ ஊற்றுகிறோம், கேக் வெட்டுகிறோம், ஆனால் அவன் போன பிறகு அவள் என் வீட்டுக்குள் வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

அவள் நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டெரெக், நான் இத்தனை வருஷமா உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா, விசாரணையில யார் மேலயும் தப்பில்லன்னு எழுதினாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன், இப்ப நாடே டீயைக் குடிச்சிக்கிட்டு என் புருஷன் சாகறதைப் பார்க்கப் போகுது, அவங்க பார்க்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், அவன் உங்கிட்ட என்ன சொன்னான், நீ அவன்கிட்ட போனியா போகலையா என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பத்திரிகையைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். ஐலீன் என்னிடம், பார்த்தியா நோரீன் என்றாள், அவ்வளவுதான். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார், சாவி போடவில்லை. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் சொன்னார், நானே கேட்பது இதுதான் முதல் தடவை. முதல்ல ஜோ கையைத்தான் புடிச்சேன், அவன்தான் கிட்ட இருந்தான், கால் சீட்டுல மாட்டியிருந்துச்சு, இழுத்தேன், அவன் என் கையை உதறிட்டுக் குட்டியத் தூக்குடா மடையான்னு கத்தினான், நான் தூக்கினேன், திரும்பிப் போறதுக்குள்ள பஸ் புரண்டுடுச்சு என்றார். அப்படியானால் இதை ஏனய்யா ஐலீனிடம் சொல்லவில்லை, விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். யார் நம்புவா நோரீன், தன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவன், செத்தவன்தான் தூக்கச் சொன்னான்னு சொன்னா உலகம் சிரிக்காதா, அவன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்னுதான் ஐலீன் நெனைப்பா, கேட்டதுக்குச் சாட்சி பிள்ளை ஒருத்திதான், அவளை அந்தத் தண்ணிக்குள்ள மறுபடி இறக்க மாட்டேன், அவ மறந்திருந்தா அப்படியே இருக்கட்டும், அவகிட்ட கேட்கக் கூடாது, எனக்குச் சத்தியம் பண்ணு என்றார். நான் சத்தியம் பண்ணினேன் ஜெம்மா. பண்ணிவிட்டு, அவர் கொஞ்சம் கண்ணயர்ந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவன் என்னை என்ன செய்தாலும் சரி.

நாடகம் ஜனவரி இரண்டாம் ஞாயிறு தொடங்குகிறது. அதில் அப்பாவை எப்படிக் காட்டுவார்களோ, எனக்கு அதைப் பற்றிப் பாதிக் கவலைதான். ஜனங்கள் பார்ப்பார்கள், எழுதுவார்கள், அடுத்த வாரம் வேறு கொலைக்குப் போய்விடுவார்கள். ஐலீன் எங்கே போவாள்? அவள் ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரே நின்று டீ ஊற்ற வேண்டும். அதனால் கேட்கிறேன். அன்று ஜோ கத்தியது உன் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் எனக்கு எழுதாதே, தொலைக்காட்சிக்காரர்களுக்கும் எழுதாதே, ஐலீனுக்கு எழுது. இரண்டு வரி போதும், அவன் என்ன வார்த்தை சொன்னானோ அதையே எழுது, அழகுபடுத்தாதே, ஜோ எப்படிப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும். நினைவில்லை என்றால், தண்ணீரும் இருட்டும் தவிர ஒன்றுமில்லை என்றால், அப்பாவைக் காப்பாற்றுவதற்காகப் பொய் எழுதிவிடாதே. பொய்யை அவள் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படியானால் யாருக்கும் எழுத வேண்டாம், நான் மறுபடி இதைக் கேட்கவே மாட்டேன், உன் மேல் ஒரு குறையும் இல்லை.

உங்கள் மூவருக்கும் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அங்கே கோடை என்று சிரிக்காதே, ஜூன் குளிரில் தேடுவாய். வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. ஆண்டவர் உன் வீட்டு வாசலையும் உன் தூக்கத்தையும் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் உறையை ஒட்ட முடியவில்லை. காருக்குள் அப்பா கடைசியாக, நீயாவது என்னை நம்பறியா என்று கேட்டார். நம்பாம என்று சட்டென்று சொன்னேன், அவர் கையையும் பிடித்துக்கொண்டேன். சொன்னது நிஜந்தானா என்று அதிலிருந்து உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. ஐலீனுக்காக மட்டும் நான் கேட்கவில்லை மகளே.

உன் அம்மா,
நோரீன் பர்கெட்