மாந்தத்துக்கு அஞ்சிய கஞ்சி

ஆவணி, வெள்ளி இரவு. தஞ்சை.

திருவையாற்றுக் கூட்டத்தில், நம் வயல் நெல்லே பிள்ளைகளை வளர்க்கும் தாய் என்று முழங்கினேன். கைதட்டல் மிகுதி. வீடு திரும்பியபோது, மகள் கயல்விழி ஒன்றரை வயதுப் பேரனை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள். அவன் இன்னும் எழுந்து நிற்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவது அரிது.

"பருப்பு, முட்டை குடுக்குறீங்களான்னு டாக்டர் கேட்டாங்க. செரிக்காம மாந்தம் வந்துரும்னு வெறும் கஞ்சிதான் குடுத்தோம்னேன். மேடைக்கு மேடை நீங்க புகழுற அரிசிதானேப்பா."

மூளை விரைந்து வளரும் பருவம் இது. புரதம் குறைந்தால் அவ்வளர்ச்சி தளரும் என்றாராம். இப்போது தொடங்கினால் பெரும்பகுதி மீளலாம். முழுதும் மீளுமா என்பதைச் சொல்லவில்லை.

மனைவி முட்டையை அவித்து மசித்து ஊட்டினாள். முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவதை நான் ஊட்டினேன்.