அக்கினி மூலையில் ஒரு குழி

அன்பு மச்சான் தனசேகருக்கு,

குடும்பத்தில் எடுக்கப்பட்ட ஒரு முக்கியமான முடிவை உனக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. பட்டறைக்கு வந்திருக்கும் புது மிஷினுக்கு மஞ்சள் பூசுவதா சந்தனம் பூசுவதா என்ற கேள்வி ஒரு வாரமாக எல்லோரையும் வாட்டிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் கலியபெருமாள் தலைமையில் பெரியவர்கள் கூடினார்கள். இரண்டு தரப்பும் பொறுமையாக வாதிட்டன. மஞ்சள் இரும்பில் கறை பிடிக்கும் என்று ஒருவர் எடுத்துக்காட்டியபோது சபையில் சிறு சலசலப்பு உண்டானது. கடைசியில் சந்தனம் என்று ஒருமனதாக முடிவாகி, காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

எர்த் கம்பி பற்றி அன்று யாரும் பேசவில்லை. நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

என்ன மிஷின் என்றுதானே கேட்கிறாய்? திக்னஸ் பிளேனர். இருபத்துநாலு அங்குலம். முரட்டுப் பலகையை இந்தப் பக்கம் கொடுத்தால், மூலைக்கு மூலை ஒரே கனத்தில் இழைத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். உன் பழைய மிஷின் இதில் பாதி அகலம்தான் வாங்கும். அண்ணாகிராமத்திலிருந்து வரும் பலாப் பலகையை நீ இரண்டாக அறுத்து, இழைத்து, மறுபடி ஒட்டுவாய். ஒட்டும்போதெல்லாம் பெரிய மிஷின் வாங்கணும் மச்சான் என்பாய். வாங்கியாயிற்று.

வாங்கியது நானில்லை, உன் அண்ணனும் இல்லை. வளர்மதி. என் தங்கையாக மட்டும் இருந்தவரை ஒரு புடவை எடுப்பதற்கு நான்கு கடை ஏறியவள், இந்த மிஷினை ஒரே பார்வையில் முடித்தாள். நீ முன்னால் நின்று பலகையைக் கொடுக்க, பின்னால் நின்று இத்தனை வருஷம் வாங்கிப் போட்டவள் அவள்தான். நீ போன பிறகு பலகையை அடுத்தவன் பட்டறைக்கு அனுப்பி இழைத்து வாங்கினாள். அவர்கள் தங்கள் வேலை முடிந்த பிறகுதான் நம் பலகையைத் தொட்டார்கள். பட்டறையை மூடிவிடலாம், முதுநகரில் நல்ல இடம், யாராவது செல்போன் கடைக்குக் கேட்பார்கள் என்று உன் அண்ணன் யோசனை சொன்னார். இவள் மிஷின் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இனிமேல் முன்னால் நிற்கப்போவதும் அவள்தான். இந்தக் கடிதத்தில் நான் கோபமாக எழுதுவதெல்லாம் அதனால்தான்.

லாரியிலிருந்து இறக்கியதைச் சொல்ல வேண்டும். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, யானைக்குட்டியை இறக்குவதுபோல் இறக்கினோம். வழி நெடுக ஆலோசனை சொல்வதற்கென்று தெருவே வந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டு கிரீஸைத் துடைத்தோம். தரையில் போல்ட் இறக்கினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு கால் மட்டும் சண்டித்தனம் செய்தது. தகடு கொடுத்துக் கொடுத்து, குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பிளேடுகளை வளர்மதியே மாட்டினாள். ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஒரு மரச் சட்டத்தை வைத்து உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தாள், நீ பார்ப்பது மாதிரியே. சுற்றும்போது உன்னைத் திட்டிக்கொண்டே சுற்றினாள்.

பிறகு எலக்ட்ரீஷியன் ஆரோக்கியம் வந்து போர்டைத் திறந்தான். உள்ளே, ஆணியில், அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது எர்த் கம்பி. நீ மாட்டியது. பட்டறை கட்டிய நாளிலிருந்து அது அங்கேயே தொங்கியிருக்கிறது. பச்சை நிறம்கூட மங்கவில்லை.

இதை எதற்காக மாட்டியே வைத்தீர்கள் என்று ஆரோக்கியத்தைக் கேட்டேன். அவன் வெட்கப்படாமல் சொன்னான்.

"நான் அன்னிக்கே கேட்டேண்ணே. பெரியவரு குழி தோண்டக் கூடாதுன்னாரு. தனசேகரும் சரின்னாரு. நான் இன்னா பண்றது, எனக்கு வேற வேல இருந்துது, போயிட்டேன்."

கரண்ட் என்பது நெருப்பு. ஆகவே மெயின் போர்டு அக்கினி மூலையில், தென்கிழக்கில் இருக்க வேண்டும். இதை உன் அண்ணன் சொல்ல, நீ தலையாட்டினாய். எர்த் என்றால் மண்ணில் குழி எடுத்து, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, தண்ணீர் ஊற்ற வேண்டும். அக்கினி மூலையில் குழியும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. இதையும் அவர்தான் சொன்னார். இதற்கும் நீ தலையாட்டினாய். மற்ற மூன்று மூலையிலும் அடுத்தவர் சுவர். நம் இடத்தில் வெறும் மண் இருப்பது போர்டுக்குப் பின்னால் அந்த ஒரு முழ அகலத்தில்தான். எனவே மிஷின் தன் வேலையைப் பார்க்கட்டும், கம்பி ஆணியில் இருக்கட்டும் என்று சாஸ்திரத்துக்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் கண்டாய். நீ ஐ.டி.ஐ. படித்தவன்தானே மச்சான்? அங்கே தலையாட்டுவதற்குத் தனிப் பாடம் வைத்திருந்தார்களா?

உன்னிடம் ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. மிஷினுக்குக் கீழே எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாய். நல்ல ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் நடக்காது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை மிஷினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாகிவிடும். சாமியாகிவிட்ட இரும்புக்கு முன்னால் எவன் செருப்புக் காலோடு நிற்பான்?

அன்று வெள்ளிக்கிழமை. ஐப்பசி மழை பட்டறைக்குள் வந்திருந்தது. மோட்டாரில் கரண்ட் கசிவு. நீ வெறுங்காலோடு போய் மிஷின்மேல் கை வைத்தாய்.

நேரம் என்றார்கள். கண்டம் என்றார்கள். உன் ஜாதகத்தை அதற்குப் பிறகு எடுத்துப் பார்த்து, அதில் அப்படியே எழுதியிருக்கிறது என்றும் சொன்னார்கள். முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் மிஷினுக்குத் தோஷம் என்று தீர்ப்பானது. உன் அண்ணன் அதற்கு ஒரு பரிகாரம் செய்து, எலுமிச்சம்பழம் கட்டி, சிதம்பரத்தில் ஒரு பட்டறைக்கு விற்றுவிட்டார். குற்றவாளி ஊரைவிட்டு நீக்கப்பட்டதும் குடும்பம் நிம்மதியாகத் தூங்கியது.

ஆரோக்கியம் கம்பியைக் கையில் எடுத்ததைப் பார்த்து உன் அண்ணன் வந்துவிட்டார். மூன்று பேஸ் மிஷினுக்கு ஒரு எர்த் போதாது, இரண்டு வேண்டும், இரண்டு குழி எடுக்கணும் என்று ஆரோக்கியம் வேறு சொல்லிவிட்டான். ஒன்றுக்கே ஒப்பாதவர் இரண்டைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கினி மூலையில குழி எடுத்தா, அந்தக் குடும்பத்துல ஆம்பளைக்கு ஆவாது. சொன்னா சொன்னதுதான்."

உன் படம் அவர் தலைக்கு நேர் மேலேதான் மாட்டியிருந்தது. மாலை புதிதாக இருந்தது. குழியே எடுக்காத குடும்பத்தில் ஆம்பளை எங்கே என்று நான் கேட்கவில்லை. வளர்மதி நின்றிருந்தாள்.

மறுநாள் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். உன் பழைய மிஷினைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. அதன் இரைச்சல் எனக்குத் தெருமுனையிலேயே தெரிந்தது. வாங்கியவர் மாசிலாமணி என்பவர், நல்ல மனிதர், மோர் கொடுத்தார். இந்த மிஷினில் ஒரு ஆள் இறந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியுமே சார். பெரியவரு மறைக்கல. தோஷமெல்லாம் கழிச்சிட்டுத்தான் குடுத்தாரு. நாங்களும் அமாவாசைக்கு அமாவாச பழம் மாத்திடுறோம்."

எர்த் போட்டிருக்கிறீர்களா என்றேன். அதைப் பற்றிப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு, நான் பயப்படாமல் இருப்பதற்காக மிஷினுக்கு அடியில் காட்டினார். அங்கே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது.

"வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "வெள்ளிக்கிழமை எப்படி சார் செருப்போட மிஷின்கிட்ட போறது?"

திரும்பி வரும்போது ஜன்னலோர சீட்டு கிடைத்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. உன் மேல்தான் கோபம் வந்தது. உன் அண்ணன்மேல் வந்த கோபம்கூட அவ்வளவில்லை. அவருக்குத் தெரியாது, நம்பிக்கையில் சொல்கிறார், படிக்காதவர் என்று ஒரு மூலையில் மன்னித்து வைத்திருந்தேன்.

பூஜை நாள் வந்தது. சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மிஷின் மணப்பெண் மாதிரி நின்றது. பூசணிக்காய் தயார். செருப்புகளெல்லாம் வாசலில். நல்ல நேரம் முடியப் போகிறது, சுவிட்சைப் போடும்மா என்று ஐயர் சொன்னார். வளர்மதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எர்த் இறங்குகிறவரை தொடமாட்டேன் என்றாள்.

நல்ல நேரத்தில் ஒரு தடவை போட்டு நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தைப் பிறகு பேசலாம் என்று உன் அண்ணன் இறங்கி வந்தார். அவள் அசையவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது, நகரு, நானே போடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் போனார்.

வளர்மதி பின்பக்கம் போனாள். ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். மிஷினைச் சுற்றி, ஒரு இடம் விடாமல், மெதுவாக ஊற்றினாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப போடுங்க மாமா. சுவிட்சுல ஒரு கை, மிஷின் மேல ஒரு கை. அவுரு நின்ன மாதிரி நில்லுங்க."

ஐயர் மணி ஆட்டுவதை நிறுத்திவிட்டார். உன் அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். தன் பாதத்தைப் பார்த்தார். கை போர்டுவரை போய், அங்கிருந்து திரும்பி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது. பிறகு அவர் வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது மச்சான். உன்னைக் கொன்றது தோஷம்தான், தண்ணீரும் கரண்டும் இல்லை என்று நிஜமாகவே நம்புகிற மனிதர் அந்தச் சுவிட்சைப் போட்டிருப்பார். நான் ஒரு மூலையில் வைத்திருந்த மன்னிப்பை அங்கேயே எடுத்துவிட்டேன். உனக்கும் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று அந்தக் கம்பியைச் சுருட்டினாயா? அண்ணன் மனசு இப்போது நன்றாக இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்.

நல்ல நேரம் போய்விட்டது. கற்பூரம் தானாக அணைந்தது. அன்றைக்கே ஆரோக்கியத்தை நிறுத்திவைத்து அக்கினி மூலையில் இரண்டு குழி எடுத்தோம். மணல் பூமி, வெட்டுவதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரமாக இருந்தது. கரி, உப்பு, குழாய், தண்ணீர். நீ சுருட்டிய கம்பியை அவிழ்த்தபோது அது சுருள் விடாமல் முரண்டு பிடித்தது. வளர்மதி அதைக் காலால் மிதித்து நேராக்கினாள். கசிவு வந்தால் தானாக விழுகிற பிரேக்கரும் மாட்டியாயிற்று. எர்த் பிடித்திருக்கிறதா என்று ஆரோக்கியம் கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பல்பு போட்டுக் காட்டினான். முழு வெளிச்சம் எரிந்தது.

மறுநாள் மதியம் ராகு காலத்தில் மிஷின் ஓடியது. முதல் பலகை, நீ அறுக்க மனசில்லாமல் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த அந்த அகலமான பலா. அறுக்கவில்லை. முழுசாக உள்ளே போய், மஞ்சளாக வெளியே வந்தது. பின்னால் நின்று வாங்கியது நான். எனக்குப் பழக்கமில்லை. வளர்மதி என்னைத் திட்டினாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஆரோக்கியத்தையும் கரி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு புதன்கிழமை சிதம்பரம் போகிறேன். மாசிலாமணி ஒத்துக்கொண்டால் அன்றே குழி. ஒத்துக்கொள்ளாவிட்டால் வெள்ளிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன். அந்த மிஷினுக்கு முன்னால், கால் மேல் கால் போட்டு, செருப்போடு உட்கார்ந்திருப்பேன்.

உன் அண்ணன் வீட்டில் வாஷிங் மிஷினுக்கு எர்த் இல்லையாம். நேற்று ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, அக்கினி மூலையில் குழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
வளர்மதியின் அண்ணன்