ரிஃபாத் பற்றவைத்த குழாய்

சூர், ஓமான்

அன்புள்ள நக்லாவுக்கு,

இறைவன் அருளால் நான் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம். கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலையின் பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை உன் தம்பி ரிஃபாத்தான் பற்றவைத்தான். பெருநாளுக்குள் முடிக்கிற அவசரத்தில், ஒட்டின் ஓர் அடுக்கு ஆறுவதற்குள் அடுத்ததைப் போட்டுவிட்டான். அதே முறையில் அவன் ஒட்டிய மாதிரித் துண்டு என் சோதனைக்கூடத்துக்கு வந்தது. நல்ல எஃகு சம்மட்டி அடிக்கு வளைந்து கொடுக்கும். இது பிஸ்கட் போல உடைந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன், எஃகின் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேரும் ஓரமெல்லாம் கறுப்புக் கட்டிகள்.

மேலாளரிடம் சொன்னேன், சிரித்தார். "குழாய் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. உனக்கு எதைப் பாத்தாலும் பயம்."

பெருநாள் முடிந்ததும் குழாயில் தண்ணீர் நிரப்பி, தாங்குகிறதா என்று அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். அப்போது பற்றவைத்தவன் தன் ஒட்டின் மேல் கைவைத்து நிற்பது இங்கத்து வழக்கம். நிற்காதே என்று ரிஃபாத்திடம் சொன்னேன்.

"என்ன மச்சான், என் வேலை மேல எனக்கே நம்பிக்கை இல்லேன்னு எல்லாரும் சிரிக்கணுமா?" என்று முறைத்துக்கொண்டு போனான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் சப்ரி, விடுமுறை முடிந்து இங்கே திரும்பி வரும்போது காய்ந்த முலூக்கியா கீரையும் என் கம்பளித் தொப்பியும் கொடுத்தனுப்பு. இங்கே ஏசி குளிர் அதிகம். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

இன்னொன்று. போனில் சொன்னால் அத்தை காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். இது கைக்கு வந்த அன்றே, அத்தை இல்லாத இடத்திலிருந்து ரிஃபாத்தை போனில் கூப்பிட்டு, அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே வா என்று சொல். அழுது சொல், அப்போதுதான் நம்புவான். சப்ரி வாசலில் ஹாரன் அடிக்கிறான். பொய் சொன்ன பாவம் என்னோடு இருக்கட்டும்.

உன் ஹம்தி