தேருக்கு வாங்கிய டி.வி.

பிப். 10, செவ்வாய்

மாசி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில். செஞ்சிக் கோட்டை மலைப் பக்கம் திரும்பினாலே முகத்தில் அனல். கடையில் கல்யாணக் கூட்டம். கண்ணாடி வளையல் பச்சை தீர்ந்தது, சென்னைக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் டி.வி. காலி. பொங்கலிலிருந்தே எல்லா முகமும் பச்சையாகத்தான் தெரிந்தது. இன்று 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் இருட்டு. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டி.வி.க்காக இல்லை, தேருக்காக.

பச்சையம்மா அக்கா பிடிவாதக்காரி. பனமலைப் பக்கம் அவளுக்கு நிலம், அத்தான் போன பிறகு தனியாகவே வேர்க்கடலை பயிர் வைக்கிறாள். இரண்டு போர் போட்டும் புகைதான் வந்தது. மூன்றாவது போடும்போது வேண்டிக்கொண்டாள்: தண்ணி வந்தால் முதல் மல்லாட்டையை மேல்மலையனூர் அம்மன் தேர் நகரும்போது தன் கையால் வாரி இறைப்பதாக. தண்ணி பீறிட்டு வந்தது. மல்லாட்டைச் செடியில் கடலையும் காய்த்தது. பொங்கலுக்கு முன்னால் வரப்பில் வழுக்கி விழுந்து இவள் கால் முறிந்தது. பிளேட் வைத்து என் வீட்டுக் கூடத்தில் படுக்கை. பங்குனி வரை கால் ஊன்றக் கூடாது.

கோயில் பூசாரிக்குப் போன் போட்டுக் கேட்டோம். "யாராச்சும் எடுத்தாந்து தேர்ல போடுங்க. நீ வீட்லயே தேர் நவுர்றதப் பாத்துக்கிட்டே ஒரு கை அள்ளிப் போடும்மா. தாய் ஏத்துக்குவா."

பாத்துக்கிட்டே. அதுதான் அக்காவின் பிடி. தேர் நகரும்போது கண்ணால் பார்க்க வேண்டும். முன்னும் கூடாது, பின்னும் கூடாது.

போனில் பார்க்கலாமே என்றேன். முறைத்தாள். போன அமாவாசைக்கு ஊஞ்சல் உற்சவத்தைப் போனில்தான் பார்த்தாள். சரியாகத் தீபாராதனைக்குப் பல்பொடி விளம்பரம். "அம்மன் மொகத்தக் காட்டுவான்னு பாத்தா அவன் பல்லக் காட்டுறான்!"

தேர் 21, சனிக்கிழமை. புது டி.வி. வாங்கிவிடுவது என்று முடிவு.

பிப். 11, புதன்

கடை வீட்டுக்காரரிடம். நான் டி.வி. பார்க்கக் கிளம்பினேன். திண்டிவனம் ரோட்டுப் பெரிய ஷோரூம் முதலில். வரிசையாகப் பதினைந்து டி.வி., எல்லாவற்றிலும் ஒரே அருவி, ஒரே கிளி. டை கட்டிய விற்பனையாளர் ஏதேதோ எழுத்தும் எண்ணுமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"எல்லாம் சரிங்க. அணைச்சிட்டு மறுபடி போடுங்க."

"எதுக்கு மேடம்?"

"காலைல எங்க அக்கா போட்டா மொதல்ல இன்னா வரும்னு பாக்கணும்."

போட்டார். கம்பெனி பேர் வந்தது. அடுத்தது பாதித் திரைக்குச் சோப்புத்தூள். பக்கத்து டி.வி.யைப் போடச் சொன்னேன்: ஒரு பெண் குளிர்பானம் குடித்தாள். மூன்றாவது: கடன் வேணுமா என்று கேட்டது. கேபிள் எங்கே என்றால் நாலு பட்டன் தள்ளி, ஒரு மூலையில்.

"இப்ப எல்லா டி.வி.யும் அப்படித்தான் மேடம். அதனாலதான் வெலையே கம்மி. புடிக்கலன்னா தள்ளிக்கிட்டுப் போயிட வேண்டியதுதான்."

சுருக்கென்றது. எங்கள் கடையின் பின்சுவர் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. சிமெண்ட் கம்பெனிக்காரன் வந்தபோது, "வெளம்பரம் எழுதிக்கலாமாம்மா?" என்று கேட்டான். சுவர் முழுக்க வெள்ளையடித்துக் கொடுத்தான். அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொட்டான். மூத்திர நாற்றம் பிடித்த சுவருக்கே அந்த மரியாதை. நான் காசு கொடுத்து வாங்கி என் கூடத்தில் வைக்கிற பொருளில் என்னைக் கேட்காமல் எவனோ கடை விரிப்பானாம், நான் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கை தட்டாத குறை.

வாங்காமல் வந்துவிட்டேன். மனசுக்கு ரொம்பத் திருப்தி.

பிப். 12, வியாழன்

கூட்டு ரோடு கடை. இங்கே ரிமோட்டை நானே வாங்கிக்கொண்டேன். செட்டிங்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் வாங்கி வைத்த டீயில் ஆடை படர்ந்தது. வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனவர் திரும்பி வந்தும் நான் அங்கேயே.

ஒன்றில் கிடைத்தது. 'டி.வி. போட்டதும் கடைசியாகப் பார்த்ததையே காட்டு' என்ற மாதிரி ஒரு வரி. அமுக்கினேன். அணைத்துப் போட்டேன். நேராகக் கேபிள். நடுவில் எதுவும் இல்லை. நாலு தடவை அணைத்துப் போட்டேன், நாலு தடவையும் கேபிள்.

"பத்து வருஷமா விக்கிறேன், இத இப்பதான்மா பாக்கறேன்" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷர். நாற்பத்து மூன்று அங்குலம். நாளை கொண்டுவருவார்கள்.

பிப். 13, வெள்ளி

மாசி ஒன்று, வெள்ளிக்கிழமை. டி.வி. வந்தது. மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா படுக்கையிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள்: தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அடியில் நடுவில், பெரியதாக ஒன்று.

அதன் பிறகு ரிமோட் வேலை செய்யவில்லை. மாட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. இவர் பேட்டரியை மாற்றினார், தொடையில் தட்டினார், கட்டில் மேல் ஏறி நின்று அமுக்கினார். ஊஹூம். கடைக்குப் போன் செய்தோம், நாளை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்த அன்றே இப்படியா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு தடவை போட்டுப் பார்த்தவள் என்ற பெருமையெல்லாம் எங்கே போனதோ.

பிப். 14, சனி

காலையில் அக்கா படுத்தபடியே டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி அம்சு, அதுக்கு ஏதோ செவப்பா ஒரு கண்ணு இருந்துச்சே. காணலயே."

அந்தக் கண் மேல்தான் என் பெரிய பொட்டு. ரிமோட்டின் வெளிச்சம் போகிற இடத்தையே சந்தனம் போட்டு மெழுகிவிட்டிருக்கிறேன். துடைத்தேன், ஓடியது. பொட்டை இரண்டு விரல் தள்ளி வைத்தேன். கடையிலிருந்து வந்த ஆளுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினோம். காரணம் சொல்லவில்லை. இவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே புரை ஏறியது.

பிப். 15, ஞாயிறு

சிவராத்திரி. மலையனூரில் திருவிழா தொடக்கம். கடைவீதியில் நடக்க இடமில்லை, வியாபாரம் நல்ல ஓட்டம்.

நான் கடையில் இருந்த நேரத்தில் இவர் டி.வி.க்கு நெட் கொடுத்திருக்கிறார். பழைய பாட்டு கேட்க. அக்காவுக்கும் ஆசை, மல்லாட்டையில் இலைப்புள்ளி நோய்க்கு யாரோ வீடியோ போட்டிருக்கிறாராம். வந்து பார்க்கிறேன், டி.வி. போட்டதும் ஹெல்த் டிரிங்க். கேபிளுக்குப் போனால், செய்தி ஓடும்போதே அடியில் ஒரு பட்டை எழும்பி 'இதையும் பாருங்கள்' என்கிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"ஏங்க, இன்னா அமுக்கினீங்க?"

"அது ஏதேதோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சம்மதம்னு போட்டேன். இல்லன்னா வுட மாட்டேங்குது."

பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷர் இவ்வளவு சீக்கிரம் சம்மதம் சொல்லவில்லை.

பிப். 16, திங்கள்

நெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். இப்போது 'இணையம் இல்லை' என்று திரையின் நடுவில் ஒரு பலகை. விளம்பரமே தேவலை.

அக்கா சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "வுடு. பட்டை மேல ஏறி ஏறி வந்தா தேர் எங்க தெரியும்? தாய்க்கு நான் வர்றது புடிக்கல போல" என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. போர் போடும்போது மண்டை வெடிக்கிற வெயிலில் நின்றவள் அவள்.

பிப். 17, செவ்வாய்

அமாவாசை, மயானக்கொள்ளை. அம்மன் வேஷம் போட்டவர்கள் கடைவீதி வழியாகப் போனார்கள். மத்தியானமே கடையை மூடினேன். இவருக்கு ஆச்சரியம். திருவிழா நாளில் நான் கடை மூடியதே இல்லை.

டி.வி.யில் போட்டு வைத்ததையெல்லாம் அடியோடு அழித்தேன். பெட்டியிலிருந்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. முதலிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்தது. இந்தத் தடவை ரிமோட் என் கையில்.

உங்கள் விருப்பத்துக்கேற்ற விளம்பரம்? வேண்டாம்.
நீங்கள் பார்ப்பதைக் கவனிக்கலாமா? கூடாது.
சலுகைச் செய்திகள்? வேண்டாம்.
பிறகு முடிவு செய்கிறீர்களா? இல்லை, இப்போதே வேண்டாம்.

'சம்மதம்' பட்டன் பெரிசாக, நீலமாக இருந்தது. 'வேண்டாம்' அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். நானும் கடைக்காரிதான். விற்க வேண்டியதைக் கண் மட்டத்திலும் விற்கக் கூடாததைக் கீழ்த்தட்டிலும் வைப்பது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கேள்விக்கும் கீழ்த்தட்டில்தான் தேடினேன்.

கூட்டு ரோடு கடையில் கண்டுபிடித்த அந்த வரியையும் அமுக்கிவிட்டு நெட் கொடுத்தேன். அணைத்தேன், போட்டேன். கேபிள்! பட்டை எழும்புகிறதா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். செய்தி முடிந்தது. சீரியல் முடிந்தது. ஒரு பட்டையும் இல்லை.

அக்கா சோறு கேட்டாள். ரசம் ஊற்றி இரண்டு தடவை.

பிப். 18, புதன்

பட்டை இல்லை.

பிப். 19, வியாழன்

பட்டை இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து தங்கள் டி.வி.க்கும் செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தேன். கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

பிப். 20, வெள்ளி

இவர் பனமலை போய் ஒரு பாத்தி மல்லாட்டை மட்டும் பிடுங்கி வந்தார். முழுக்க முற்றவில்லை, ஆனாலும் நல்ல திரட்சி. அக்கா ஒவ்வொன்றாக மண் உதிர்த்தாள். கூடையில் தேருக்கு. முறத்தில் அவளுக்கு.

பிப். 21, சனி

விடியற்காலையிலேயே இவர் கூடையோடு சிறப்புப் பேருந்தில் மலையனூர். அக்காவுக்குத் தலை குளிப்பாட்டி, புதுப் புடவை கட்டி, நாற்காலியில் கால் நீட்டி உட்கார வைத்தேன். மடியில் முறம்.

மத்தியானம் கேபிள் ரவி நேரலையை ஆரம்பித்தார். எங்கள் ஊர்ச் சேனல். கூட்டம், பம்பைச் சத்தம், தேர். பளிச்சென்று இருந்தது. அம்மன் முகம் பச்சையில்லை, மஞ்சள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போது கீழே ஒரு பட்டை. ரிமோட்டை எடுத்தேன். ஆனால் இது டி.வி.யின் வேலை இல்லை. சேனலே விட்ட எழுத்து ஓட்டம். ஜவுளிக்கடை போயிற்று, பாத்திரக்கடை போயிற்று, ஸ்வீட் கடை போயிற்று. அதன் பின்னால்: 'அம்சா ஃபேன்சி ஸ்டோர், கடைவீதி, செஞ்சி. வளையல், ரிப்பன், கவரிங்.'

என் கடை! பொங்கலுக்கு நான் கொடுத்த விளம்பரம்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "சக்கரமே தெரியலயே அம்சு. உன் ரிப்பன்தான் தெரியுது. தேர் நவுருதா இல்லையான்னு நான் எப்படிப் பாப்பேன்?"

ரவிக்குப் போன் போட்டேன். "என்னுத எடு ரவி."

"ஒண்ண மட்டும் எடுக்க வராதும்மா. பட்டையோட எடுக்கணும். மத்த மூணு பேரும் காசு குடுத்திருக்காங்க, கேக்காம எப்படி எடுக்கறது?"

கேட்காமல் எப்படி எடுப்பது. அவர் சொன்னது நியாயம்தான். நானே கேட்டேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி தேர்க் கூட்டத்திலேயே இருந்தார், சத்தத்தில் பாதிதான் கேட்டது, "எடுத்துடும்மா, எடுத்துடு" என்றார். பாத்திரக்கடை அம்மா உடனே சரி என்றார். ஸ்வீட் கடைக்காரர் மட்டும் இழுத்தார். "லட்சம் பேரு பாக்கற நேரம்மா இது..."

"அண்ணே, லட்சம் பேரும் சக்கரத்தத்தான் பாக்கறாங்க. அத மறைக்கிறவன் கடைல எவன் மைசூர்பாகு வாங்குவான்?"

"ரவியக் கூப்புடறேன்" என்றார்.

டி.வி.யில் வடம் பிடிக்க ஆள் கூடிவிட்டார்கள். பட்டையில் மறுபடி என் கடை வந்துகொண்டிருந்தது. 'அம்சா ஃபேன்சி ஸ்' வரை வந்தது. அப்படியே காணாமல் போயிற்று.

நாலு சக்கரமும் தெரிந்தன. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள்கூடத் தெரிந்தார்கள். கூட்டம் ஓவென்றது. சக்கரம் அசைந்தது. எல்லாப் பக்கமிருந்தும் நெல், பூசணி, கத்தரிக்காய், காசு என்று பறந்து தேர் மேல் விழுந்தன. அக்கா இரண்டு கையாலும் அள்ளி, "தாயே!" என்று கத்திப் புது டி.வி. மேலேயே இறைத்தாள். தடதடவென்று விழுந்தது. நான் தடுக்கவில்லை. முறத்தில் மிச்சம் இருந்ததை நான் அள்ளிப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் போன். மூச்சு வாங்கியது. "போட்டுட்டேன்கா, கூடையோட போட்டுட்டேன். ஆனா முன்னால ஒரே தலைங்க. தேர் கௌம்பினதே எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சக்கரம் சக்கரமா பாத்தேன் தம்பி. கேளு, சொல்றேன்."

இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.