பால் குடிக்கையில் வேர்த்த பிள்ளை

சிம்பாங் அம்பாட்
4 மார்ச் 2025

டாக்டர் சாதிக் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி விலாசத்துக்கே எழுதுகிறேன். நோன்பு நாளில் கோபப்படக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஞாயிறு பேப்பரில் உங்கள் பேட்டி. பிள்ளைகளின் இதய மருத்துவத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, பத்து வருஷத்துக்கு முன் கிளினிக்கில் பார்த்த ஒரு கைக்குழந்தையைச் சொல்லியிருந்தீர்கள். “பால் குடிக்கும்போது அதன் தலை வேர்ப்பதைக் கவனித்தேன். படிப்பறிவில்லாத தாய்க்கு அது தெரியவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆபரேஷன் நடந்தது. இன்று ஓடி விளையாடுகிறாள்.”

அந்தப் பிள்ளை என் மகள் ஹனா. வேர்க்கிறது என்று சொன்னது நான். மூன்று தடவை வந்து சொன்னேன். “பினாங்கு வெயில்லம்மா, எனக்குந்தான் வேர்க்குது” என்று சிரித்தீர்கள்.

நான் பள்ளியின் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். வரை முடித்தவள். ஃபேக்டரியில் லென்ஸ் வைத்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

ஹனாவுக்கு ஆபரேஷன் நடக்கவே இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

ஃபஸீலா

ஜார்ஜ் டவுன்
12 மார்ச் 2025

மரியாதைக்குரிய ஃபஸீலா அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பேட்டி எடுத்தவர் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டார். நோயாளியின் அடையாளம் தெரியக் கூடாது என்று நானும் சில விவரங்களை மாற்றினேன். படிக்கிற பெற்றோருக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் முடிவை அப்படிச் சொன்னேன்.

ஹனாவை அடுத்த வாரமே கூட்டி வாருங்கள். நம்பர் எடுக்க வேண்டாம். நானே உள்ளே அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள் துஆவை நாடும்,
சாதிக்

சிம்பாங் அம்பாட்
19 மார்ச் 2025

டாக்டர் அவர்களுக்கு,

இப்போது அக்கா. அன்றைக்கு, ஷிஃப்டுக்கு லீவு போட்டு, பஸ் மாறி வந்தவளிடம், நர்ஸுகளுக்கு முன்னால், “ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?”

ஒரு வயதுக்குப் பிறகு வேர்ப்பது நின்றது. தேறிவிட்டாள் என்று பக்கத்து வீடுகளுக்கு நெய்ச்சோறு கொடுத்தேன். அது தேறியது இல்லை, நுரையீரல் கெட்டுக்கொண்டிருந்தது என்று நாலு வயதில், நகம் நீலமான பிறகு, பெரிய டாக்டர் சொன்னார். இனி இதயத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்க முடியாது என்றார்.

போன வருஷம் நாங்கள் செக்கப்புக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் நின்று ஹனாவின் குழந்தைக்கால மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். ‘இதயத் துடிப்பு சீர்’ என்று நீங்களே எழுதியிருந்ததைப் பார்த்ததும் மூடினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வரிசையைத் தாண்டி எங்களுக்கு வழி வேண்டாம். அங்கே காத்திருப்பதும் பிள்ளைகள்தான்.

ஹனாவும் பேப்பரைப் படித்துவிட்டாள். “உம்மா, என்னை மாதிரியே ஒரு பிள்ளையாம், ஓடுதாம். எனக்கு மட்டும் ஏன் செய்யலை?” என்கிறாள். பதில் நீங்கள் எழுதுங்கள். எனக்கு இல்லை, அவளுக்கு.

ஃபஸீலா

ஜார்ஜ் டவுன்
2 ஏப்ரல் 2025

அன்பு ஹனா,

பேப்பரில் வந்த பிள்ளை நீதான். ஓடுகிறாள் என்று நான் சொன்னது பொய். உன் உம்மா கவனித்ததை நான் கவனித்ததாகச் சொன்னதும் பொய். வெளிநாட்டுப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவர்களிடமும் இதே கதையைத்தான் சொன்னேன். அவர்களுக்கும் பேப்பருக்கும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன்.

உம்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்றாவது தடவை உன்னைத் தூக்கி வந்தபோது, உன் நெஞ்சில் நான் ஸ்டெத்தஸ்கோப்பை வைக்கவே இல்லை. வைக்காமலே ‘சீர்’ என்று எழுதினேன். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் காரணம் அதுவல்ல. உம்மா ஃபேக்டரிச் சட்டையில் வந்திருந்தார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சாதிக்

சிம்பாங் அம்பாட்
9 ஏப்ரல் 2025

டாக்டர் அவர்களுக்கு,

ஹனா தானே படித்தாள். நான் சாப்பிட்ட மங்கு கழுவுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அந்தப் புத்தகத்தில், நீங்கள் ‘சீர்’ என்று எழுதிய பக்கத்துக்குள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். மன்னிப்பைப் பற்றி இந்த வீட்டில் இன்னும் யாரும் பேசவில்லை. எனக்கு அது வரும் என்று தோன்றவில்லை.

ஒன்றுதான் கேட்டாள்: “இந்தத் தடவையாச்சும் வச்சுப் பாப்பாரா?”

பதினேழாம் தேதி வியாழக்கிழமை எங்கள் முறை. நம்பர் எடுத்துத்தான் வருவோம். ஷிஃப்ட் முடிந்து நேரே வருகிறேன். ஃபேக்டரிச் சட்டையில்தான் இருப்பேன்.

ஃபஸீலா