மைக்கில் அறிவித்த சாம்பியன்

கோல்ஃப் குழியின் உள்விளிம்பில் பூசுகிற வெள்ளைப் பெயிண்ட் என் கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. இறுதி நாள் காலையில் அந்த வேலையை நீ யாரையும் செய்யவிட மாட்டாய். புல்லில் முழங்காலிட்டு, தலையைக் குழிக்குள் விடாத குறையாகப் பூசிக்கொண்டிருப்பாய். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து நிற்கும் நான், "கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிறியே" என்பேன். "எங்க விழணும்னு பந்துக்கும் தெரியணும்ல" என்பாய். இந்த வருடம் நான் பூசினேன். அந்த வாசனையில் உன் நினைப்பு வந்து, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நம் கிளப் சாம்பியன்ஷிப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். நன்றாகவே நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மறுத்துப் பேச நீ இல்லை. முதல் நாள் குலுக்கல் போட்டு ஆட்களைப் பிரிப்பதும், அடுத்த நாள் பின்தங்கியவர்களை முதலில் அனுப்பி முன்னணியில் இருப்பவர்களைக் கடைசி குரூப்பில் ஆடவிடுவதும், தினமும் குழியை இடம் மாற்றி வெட்டுவதும் எல்லாம் நீ வைத்தபடியேதான் நடக்கிறது.

அந்தக் கடைசி குரூப்போடுதான் சிறப்பு விருந்தினர் போட்டோ எடுத்துக்கொள்வார் என்று ஒருமுறை பழைய பிரசிடென்ட் தன் மச்சினரை அதில் சேர்க்கச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்த முகமாகவே, "தாராளமா சார். முந்தின நாள் நல்லா ஆடிட்டு வரச் சொல்லுங்க" என்றாய். மனிதர் வெகு நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாய்: "முதல் பந்து அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதி ஒட்டிடு. அப்புறம் யார் மூஞ்சியையும் பார்க்க வேணாம்."

போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வேண்டியிருந்தது உன் மகள் ஷீபாவின் முகத்தை.

பெண்கள் சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுக்க வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "அப்பா ஊருக்கெல்லாம் கப் எடுத்துக் குடுத்தாரே தவிர, வீட்டுக்கு ஒண்ணு கொண்டுவரலை அங்கிள். இந்த வாட்டி நான் கொண்டுபோறேன்." சொன்னபடியே ஆடினாள். முடிவில் அவளும் பள்ளிக்கரணை வானதியும் சமமாக வந்து நின்றார்கள். சாம்பியன்ஷிப்பில் சமமானால் மறுபடி குழி குழியாக ஆடி ஒருவர் முந்தும்வரை ஆட வேண்டும் என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஆனால் மாதாமாதம் நடக்கும் சின்னப் போட்டிகளில் நம்மவர்களுக்கு வேறு பழக்கம். சமமானால் கடைசி ஒன்பது குழிகளைப் பார்த்து, அதில் குறைவாக அடித்தவருக்குக் கொடுத்துவிடுவோம். விருந்தினர் கிளம்ப அவசரப்படுத்தவே, புது பிரசிடென்ட் அதே பழக்கத்தில் கணக்குப் பார்த்து, ஷீபாதான் சாம்பியன் என்று மைக்கில் அறிவித்துவிட்டார். மைதானத்தின் கோடியிலிருந்த எனக்குக் கைதட்டல்தான் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் அவள் தோளில் பொன்னாடை. உன் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நீ போனபிறகு அவள் அழுது பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"தப்பு சார், ப்ளே-ஆஃப் ஆடணும்" என்றேன்.

"எல்லாரும் கை தட்டியாச்சு சார். இப்போ போய்..." என்று இழுத்தார் பிரசிடென்ட்.

புல்வெட்டும் முருகேசன் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தான். "சார், வானதிம்மா பேக்கை வண்டில ஏத்திகினு கீது. இன்னா சார் பண்றது?"

"நிறுத்தி வை. போ" என்றேன்.

உன் மனைவி என் அருகே வந்து, தணிந்த குரலில் கேட்டாள். "அண்ணா, விட்டுடுங்களேன். அவருக்காக."

ஒரு நிமிடம், விட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். வானதியே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டாள், கேட்க ஆளில்லை. ஆனால் மைக்கை வாங்கினேன். ஆட்டம் முடியவில்லை, இருவரும் பதினெட்டாவது குழிக்கு வரவும் என்று சொன்னேன். ஷீபா என்னை முறைத்துவிட்டுப் பொன்னாடையை அம்மா கையில் கொடுத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தாள்.

முதல் தடவை மறுபடியும் சமம். இரண்டாவது தடவை ஷீபா உருட்டிய பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. வானதி ஜெயித்தாள். நியாயமான ஜெயம்தான். ஷீபா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். என்னிடம் வந்து, "கடுப்பா இருக்கு அங்கிள். ஆனா ஆடியிருக்கலைன்னா இன்னும் கடுப்பா இருந்திருக்கும்" என்றாள். உன் மனைவி என் பக்கம் திரும்பாமல் காரில் ஏறிப் போனாள்.

மறுபடி அப்படியொரு நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மூன்று நாள் போன் அடிக்கும்போதெல்லாம் உன் மனைவியோ என்று பார்த்தேன்.

இன்று காலை கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவர் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்ணா?"

"இதையேதாம்மா."

"தெரியும். அதான் எனக்குக் கோபமே."

ஆக, அந்தக் கோபம் முழுக்க என் மேல் இல்லை. என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். உன் பங்கை இந்த மடலோடு அனுப்புகிறேன், வாங்கிக்கொள்.